சூடானால் ஸ்டார்ட் ஆகாத ஆர்எக்ஸ்-8: என்ஜினைப் பிரிப்பதா, மாற்றுவதா, விற்பதா?

9000ஆர்பிஎம்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2005 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார். பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி என்ஜின், ஆறு கியர் மேனுவல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, நன்றாக ஓடித் தேய்ந்த வண்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். சூடான பிறகு அணைத்தால்தான் தொல்லை: ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, என்ஜின் பிடிப்பதில்லை. ஆற விட்டால் சரியாகிறது. 6000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவையும் போய்விட்டது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "என்ஜின் போச்சு, வேற போடுங்க" என்றார். அவர் சொன்ன தொகை வண்டியின் மதிப்பையே தொடுகிறது. என்னிடம் அதில் பாதிகூட இல்லை. பழைய என்ஜின் வாங்கிப் போடலாமா? பிஸ்டன் என்ஜின் ஏற்றலாமா? வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

பழையஸ்பானர்:
தம்பி, ஓட்டிப் பார்த்தே ரோட்டரி போச்சு என்று எப்படிச் சொன்னார்? கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்த்தாரா? சூட்டில் பிடிக்காதது கம்ப்ரஷன் குறைந்ததன் அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் தளர்ந்து மெதுவாகச் சுற்றினாலும் இதே கதைதான் நடக்கும். பிளக்குக்குப் பொறி தரும் காயில்கள் நான்கும் பழசானால் மேல் வேகத்தில் இழுவை போகும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதையும் அடைக்கும். இதையெல்லாம் பார்க்க ஆகும் செலவு, என்ஜின் செலவில் ஒரு துண்டு.

அப்புறம், சாதாரண கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு வராதே. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். அந்தக் கேஜ் மூன்றில் நல்லதை மட்டும் காட்டும், கெட்டது ஒளிந்துகொள்ளும். ரோட்டரிக்கென்றே டெஸ்டர் உண்டு, ஆறு எண்களையும் சுழற்சி வேகத்தையும் தரும். 250 ஆர்பிஎம்மில் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ என்பது புது என்ஜின் கணக்கு. 6.9க்குக் கீழே போனால் என்ஜினைத் திறக்க வேண்டியதுதான். வேகம் குறைவாகச் சுற்றினால் எண்ணும் குறையும், அதனால் வேகத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்.

கியர்பிரியன்:
என் கருத்து வேறு. எப்படியும் போகப்போகிற என்ஜின், சாகும்வரை ஓட்டுங்கள். அதுவரை பணம் சேரும்.

பழையஸ்பானர்:
பிஸ்டன் வண்டிக்கு அது சில சமயம் சரி. இதில் ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடைந்தால், துண்டு ரோட்டரைச் சுற்றியுள்ள ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறிவிடும், ரோட்டரும் தப்பாது. இன்று சீல் செட்டோடு முடிகிற வேலை அன்று ஹவுசிங்கும் சேர்ந்து வாங்கும் வேலையாகும். கையில் பணம் இல்லாதவர்தான் இதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

ஒயரிங்வாசு:
பிஸ்டன் என்ஜின் ஆசையை விட்டுவிடுங்கள் நண்பரே. என்ஜின் மலிவாகக் கிடைக்கும், உண்மை. ஆனால் மவுண்ட், கியர்பாக்ஸ் இணைப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் மாற வேண்டும். டேஷ்போர்டும் பவர் ஸ்டீயரிங்கும் கேன் வயரில் (மின்னணுப் பாகங்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) பழைய இசியூவின் (என்ஜினை இயக்கும் கணினி) பேச்சை எதிர்பார்த்து நிற்கும். பாதியில் பணம் தீர்ந்து தார்ப்பாய்க்குள் நிற்கும் வண்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பழைய ரோட்டரி என்ஜினும் அப்படியே: விற்பவர் ஆறு எண்களையும் காட்டினால் பேசுங்கள், "ஓடும்போது கழற்றியது" என்றால் நகர்ந்துவிடுங்கள்.

9000ஆர்பிஎம்:
பேட்டரி புதிது, ஸ்டார்ட்டரையும் காயில்களையும் மாற்றிவிட்டேன். இழுவை ஓரளவு திரும்பியது. சூட்டில் இப்போது இழுத்துப்பிடித்து ஸ்டார்ட் ஆகிறது. டெஸ்டர் வைத்திருப்பவரிடம் சூடான என்ஜினில் பார்த்தோம். 250 ஆர்பிஎம்மில் முன் ரோட்டர் 7.3, 7.2, 7.4. பின் ரோட்டர் 7.0, 5.3, 6.9.

பழையஸ்பானர்:
நல்ல எண்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெளிவான எண்கள். ஏபெக்ஸ் சீல் இரண்டு முகங்களுக்கு நடுவில் இருப்பது, அது போனால் பக்கத்து முகங்கள் இரண்டும் சேர்ந்து விழும். உனக்கு விழுந்தது ஒன்று மட்டும். அப்படியானால் பெரும்பாலும் ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீல்: தேய்ந்திருக்கலாம், கரி பிடித்து உள்ளேயே ஒட்டியிருக்கலாம். இந்த என்ஜினில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் பக்கத் தகட்டில் இருப்பதால் சைடு சீல்களுக்குச் சோதனை அதிகம். கார்பன் கிளீனர் ஒரு முறை போட்டுப் பார், ஒட்டியதாக இருந்தால் எண் ஏறும். ஏறாவிட்டால் பிரிக்கத்தான் வேண்டும். ஹவுசிங் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம், அதுதான் உன் பட்ஜெட்டைக் காப்பாற்றும்.

கியர்பிரியன்:
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இந்த எண்களோடு ஓட்டச் சொல்ல மாட்டேன்.

9000ஆர்பிஎம்:
கிளீனருக்கு 5.3 ஏறி 5.5 ஆனது, அவ்வளவுதான். வண்டியை நிறுத்திவிட்டேன். இறக்குவதும் பிரிப்பதும் நானும் ஒரு நண்பரும், அளவெடுப்பதும் சீல் இடைவெளி வைப்பதும் தெரிந்தவரிடம். இதில் கூலி பெரிதாக மிச்சமாகிறது. வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பழையஸ்பானர்:
ஃப்ளைவீல் நட் 54 மில்லிமீட்டர், சாக்கெட்டை முதலிலேயே தேடி வை. சீல்கள் எந்த முகத்தில், எந்தப் பக்கத்தில் இருந்தன என்று ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு எழுதிவிடு. ஆயில் மீட்டரிங் பம்பையும் அதன் குழாய்களையும் சோதிக்காமல் என்ஜினைத் திரும்ப மாட்டாதே. சீல்களுக்கு ஆயில் போவது அது வழியாகத்தான். பின் ரோட்டரின் இரு பக்கத் தகடுகளையும் துடைத்துவிட்டுப் படம் போடு. தேய்மானக் கோடு நகத்தில் தட்டுப்படுகிறதா என்றும் சொல். அதைப் பார்த்த பிறகு சீல் வாங்கலாம்.