புளோரிடா ஸ்பிரிங்ஸ்ல ஜனவரி மாசம் ஸ்நார்க்கல், டைவிங்: ஓபன் வாட்டர் கார்டு போதுமா?

மதுரக்காரி:
வணக்கம் மக்களே. ஜனவரில டாம்பால அக்கா வீட்டுக்கு போறோம், நானு, வீட்டுக்காரரு, எட்டு வயசு பொண்ணு. பாண்டிச்சேரில ஓபன் வாட்டர்ங்கற ஆரம்ப நிலை டைவிங் கோர்ஸ் முடிச்சு கார்டு வாங்கியிருக்கேன், ஆனா டைவ் பண்ணதெல்லாம் கடல்தான், நல்ல தண்ணில டேங்க் மாட்டிட்டு இறங்கினதே இல்ல. அக்கா என்னடான்னா கடல விடு, இங்க ஊத்து ஊத்தா இருக்கு, தரையிலேருந்து தண்ணி பொங்கிட்டு வரும், அங்க போங்கறா. குளிருமா? யூடியூப்ல காட்டற அந்த குகைக்குள்ள எல்லாம் என் கார்ட வச்சு விடுவாங்களா? வீட்டுக்காரருக்கு நீச்சல் சுத்தமா வராது. அம்மா வேற கேரளால மூளைய தின்னுற அமீபா நியூஸ பாத்துட்டு தெனம் போன போட்டு போகாத போகாதங்கறாங்க, போதாக்குறைக்கு முதலை வேறயாம். யாராவது போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

டாம்பா_வாசி:
ஜனவரில வர்றீங்கன்னா முதல்ல கிரிஸ்டல் ரிவர், மத்ததெல்லாம் அப்புறம். டாம்பாலேருந்து வடக்க ஒண்ணேகால் மணி நேரம் டிரைவ். அங்க மேனட்டின்னு கடல்பசு மாதிரி ஒரு பெரிய பிராணி வரும், அதுக்கு 20 டிகிரிக்கு கீழ போன தண்ணி ஆகாது, ரொம்ப நேரம் அதுல இருந்தா செத்தே போயிடும், ஊத்து தண்ணியோ வருஷம் பூரா 22 டிகிரி கிட்டவே நிக்கும், அதனால கடல் குளிர ஆரம்பிச்சதும் கூட்டங்கூட்டமா உள்ள வந்துடும். நவம்பர் 15லேருந்து மார்ச் 31 வரைக்கும் சீசன். நம்ம பாக் விரிகுடால ஆவுளியான்னு கடல்பசு இருக்குல்ல, 2022ல தஞ்சாவூர் புதுக்கோட்டை கடலோரமா அதுக்குன்னே காப்பகம் கூட அறிவிச்சாங்களே, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்கோங்க. ஆவுளியா கடல விட்டு வராது, இது ஆத்துக்குள்ள ஏறி வரும். வாலும் வேற, ஆவுளியாவுக்கு ரெண்டா பிரிஞ்சிருக்கும், இதுக்கு வட்டமா இருக்கும்.

சட்டம் ரொம்ப கறார். தொடக்கூடாது, துரத்தக்கூடாது, மேலேருந்து அது மேல டைவ் அடிக்கக்கூடாது, கயிறு கட்டி வச்சிருக்கற எடத்துக்குள்ள போகவே கூடாது. அசையாம குப்புற மிதந்தா அதுவே பக்கத்துல வரும், அதுக்குதான் டூர்காரங்க மிதக்கறதுக்கு நீளமா ஒரு போம் குச்சி தருவாங்க. பொண்ணுகிட்ட கால உதைக்காதன்னு இப்பவே சொல்லி வைங்க. குளிர் தாங்க போடற ரப்பர் டிரெஸ், அதான் வெட்சூட், அவங்களே குடுப்பாங்க. தண்ணிக்குள்ள இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, வெளிய வந்து போட்ல உக்காரும்போதுதான் பல்லு கிட்டிக்கும், துண்டும் பிளாஸ்க்ல காப்பியும் மறந்துடாதீங்க.

சாருக்கு அங்கயே திரீ சிஸ்டர்ஸ் ஸ்பிரிங்ஸ்ல மரப்பாலம் போட்டிருக்காங்க, மேல நின்னே எல்லாம் தெரியும். அதுவும் வேணாம்னா டாம்பா பக்கத்துலயே அப்போலோ பீச்ல பவர் பிளாண்ட்லேருந்து வர்ற வெதுவெது தண்ணிக்கு மேனட்டி வந்து கெடக்கும், பாக்க காசு கெடையாது.

குமிழி:
டைவிங் பத்தி நான் சொல்றேன் அக்கா. மூழ்கறதுக்கு கடல்ல கட்டின அதே ஈய வெயிட்ட இங்க கட்டாதீங்க. கடல் தண்ணி லிட்டருக்கு 1025 கிராம், நல்ல தண்ணி 1000, அப்ப நீங்களும் உங்க சாமானும் சேந்து 80 கிலோன்னா ரெண்டு கிலோ கொறைக்கணும். ஆனா 22 டிகிரிக்கு 5 மில்லிமீட்டரோ 7 மில்லிமீட்டரோ கனமான வெட்சூட் போடுவீங்க, அது தூக்கிவிடும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எங்க சரியாகும்னு வாய்க்கணக்கு ஒதவாது, இறங்கினதும் வெயிட் செக் பண்ணிடுங்க.

எடம்னா வில்லிஸ்டன்ல டெவில்ஸ் டென், மேல கூரைல ஓட்ட விழுந்த கெணறு மாதிரி, படி இறங்கி போகணும், குளிர்காலத்துல காலைல அந்த ஓட்ட வழியா ஆவி வரும். டேங்க் இல்லாம குழாய்ல மூச்சு விட்டு மேல மிதக்கற ஸ்நார்க்கலும் பண்ணலாம். அப்புறம் ஹை ஸ்பிரிங்ஸ் பக்கத்துல ஜின்னி ஸ்பிரிங்ஸ், அங்க பால்ரூம்னு ஒரு பெரிய அறை, ஓபன் வாட்டர் கார்டுக்கே விடுவாங்க, ஏன்னா அதுக்கு மேல குகைக்குள்ள போக முடியாதபடி கம்பி போட்டு அடைச்சிருக்காங்க. அதே பார்க்ல டெவில்ஸ் சிஸ்டம்ங்கற குகை பக்கம் குகை டிரெய்னிங் இல்லாதவங்க டார்ச் எடுத்துட்டு இறங்கவே கூடாது. கைல லைட் இருந்தா உள்ள போகத்தான் தோணும், அதான்.

என்ன கேட்டா உங்களுக்கு ரெயின்போ ரிவர் போதும். டனெல்லன்ல இருக்கு. தண்ணி இழுத்துட்டு போற வேகத்துல சும்மா மிதந்துட்டே போகலாம், கீழ பச்சப்புல்லு, ஆமை, நீள மூக்கு கார் மீன், மேலேருந்து முக்குளிச்சு மீன் பிடிக்கற நீர்க்காகம், நேரம் போறதே தெரியாது. சிவப்புல வெள்ள கோடு போட்ட டைவ் கொடி கண்டிப்பா இழுத்துட்டு போகணும், ஆத்துல அதுலேருந்து 100 அடிக்குள்ளயே இருக்க பாக்கணும்.

ரவுண்டு_அப்:
குமிழி ப்ரோ ரொம்ப பயமுறுத்தறீங்க, தண்ணி அவ்ளோ தெளிவா இருக்கு, வாசல்லேருந்து ரெண்டு நிமிஷம் உள்ள எட்டி பாத்துட்டு வந்தா என்ன ஆயிடப் போகுது?

குமிழி:
தெளிவா இருக்கறதுதான் ப்ரோ பிரச்சனையே. கடல்ல எது நடந்தாலும் மேல போனா காத்து இருக்கு, இங்க மேல போனா பாறை. உள்ள தரையில மாவா படிஞ்சிருக்கற சேறு, கால்ல மாட்டின துடுப்பு ஒரு தடவ தப்பா பட்டா போதும், வந்த வழி காணாம போயிடும், டார்ச் அடிச்சாலும் வெறும் பழுப்புதான். டிரெய்னிங் எடுத்தவன் வாசல்லேருந்தே நூல் விட்டுட்டு போவான், மூணுல ஒரு பங்கு காத்து போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கு தொடாம கையிருப்பு. பல குகை வாசல்ல எமன் படம் போட்டு போர்டே வச்சிருக்காங்க, இது மாதிரி குகைகள்ல 300 பேருக்கு மேல செத்திருக்காங்க, அதுல ஓபன் வாட்டர் இன்ஸ்ட்ரக்டர்களும் அடக்கம்னு அதுலயே எழுதியிருக்கும். இன்ஸ்ட்ரக்டருக்கே இந்த கதின்னா எட்டி பாக்கறவன் எந்த மூல?

டாம்பா_வாசி:
அம்மாவுக்கு: அந்த அமீபா மூக்கு வழியாதான் போகும், குடிச்சா வராது, அதுக்கு சூடான தண்ணிதான் பிடிக்கும், இங்க கேஸ் வர்றதெல்லாம் பெரும்பாலும் கோடைல. ஜனவரில 22 டிகிரி ஊத்து, அதுவும் மூக்க மூடற மாஸ்க்கோட, ரிஸ்க் ரொம்பவே கம்மின்னு சொல்லுங்க. முதலைன்னா, அலிகேட்டர் ஆத்துல இருக்கத்தான் செய்யும், இருட்டற நேரத்துல இறங்காதீங்க, கரையோர புதருக்குள்ள போகாதீங்க, தீனி மட்டும் போட்டுடாதீங்க.

மதுரக்காரி:
அடேங்கப்பா, ரொம்ப தேங்க்ஸ் ரெண்டு பேருக்கும். குகை ஆசைய விட்டாச்சு, கிரிஸ்டல் ரிவர், ரெயின்போ, முடிஞ்சா டெவில்ஸ் டென். கெளம்பற அன்னிக்கு காலைல டெவில்ஸ் டென் முடிச்சுட்டு ராத்திரி பிளைட் ஏறலாமா?

குமிழி:
ஸ்நார்க்கல்னா தாராளமா ஏறலாம். டேங்க்னா வேணாம், ரெண்டு மூணு டைவ் பண்ணிட்டு பிளைட் ஏற கொறைஞ்சது 18 மணி நேரம் இடைவெளி விடணும். டைவ் எல்லாத்தையும் முதல் வாரமே முடிச்சுட்டு, கடைசி நாள சாரோட அந்த பவர் பிளாண்ட் மேனட்டிக்கு வச்சுக்கோங்க.