புதுப்பிப்பு: பிளாக்பர்ன் பீரங்கிப் படையின் தடம்

முதல் உலகப் போரில் பிளாக்பர்ன் நகரின் பிரிட்டிஷ் பீரங்கிப் படையான கிழக்கு லங்காஷயர் முதல் பிரிகேட் 1916-க்குப் பிறகு ஆவணங்களில் ஏன் தென்படவில்லை என்று முன்பு இங்கே எழுந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. படை கலையவில்லை. அந்த ஆண்டு மே மாதம் அதற்கு 210-ஆவது பிரிகேட் என்று பெயரிட்டு, பேட்டரிகளின் (பிரிகேடுக்குள் இருந்த பீரங்கிக் குழுக்களின்) எண்களை எடுத்துவிட்டு ஏ, பி, சி என எழுத்துகள் கொடுத்தார்கள். போர் நாட்குறிப்பு, அதாவது படையின் அன்றாட நடவடிக்கைப் பதிவு, பிரிகேட் வாரியாகவே எழுதப்பட்டது. ஆகவே, லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் (இந்த நாட்குறிப்புகள் உள்ள கோப்பு வரிசை), பிரிகேட் சேர்ந்திருந்த பெரும்படையான 42-ஆவது டிவிஷனுக்குள் தேடுங்கள். பேட்டரி பெயரில் தேடினால் கிடைக்காது.

வீரர்களைத் தேடும்போது இன்னொரு சிக்கல்: 1917-இல் இப்படையில் இருந்த எல்லோருக்கும் ஆறிலக்கப் புது எண் வந்தது. பழைய, புது எண்கள் இரண்டையும் பதக்க அட்டையில் (வீரர் பெற்ற பதக்கங்களைக் குறித்த அட்டை) ஒப்பிடுங்கள். பணிக் கோப்பு இல்லையென்றால் ஆள் படையில் இல்லை என்று முடிவு கட்டவே கூடாது. 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் அந்தக் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோனது.

வீரர்களின் குடும்பப் புகைப்படங்களைப் பாதுகாக்க பி.வி.சி. (ஒருவகை பிளாஸ்டிக்) உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் படத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறைதான் சரி. துருப்பிடித்த பின்களை முதலில் கழற்றுங்கள். பெயர்களைப் படத்தின் பின்பக்க ஓரத்தில், மென்பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.