குமிழியே காணோமே கண்ணு: மலையில் நீச்சல் பழகியவர்களின் அனுபவங்கள்

குன்னூர்க்காரி:

நாற்பது வயதுக்கு மேல்தான் நீச்சல் கற்றேன். முங்கிப் போகாமல் நீந்த வந்துவிட்டது, அதற்கு மேல் ஒரு அடி முன்னேறவில்லை. அந்த இடத்திலேயே இரண்டு வருடம் நின்றேன். இப்போது அங்கே நிற்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் நீந்துவது ஒரு விடுதியின் சின்னக் குளத்தில். 18 மீட்டர்தான் நீளம். ஃப்ரீஸ்டைலில், அதாவது குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சலில், நாலு தடவை கடந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், சுவரைப் பிடித்தபடி நிற்பேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். ஒரு மூச்சில் இங்கே கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. எல்லாம் இந்த உயரத்தால்தான் என்று முழுசாக நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கி, கோவையில் 50 மீட்டர் குளம் ஒன்றில் நீந்தினேன். அங்கே காற்றுக்கு என்ன குறை? 35 மீட்டரிலேயே அதே அடைப்பு. கரையில் நின்ற வயதான மாஸ்டர் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"குமிழியே காணோமே கண்ணு. மூச்ச எங்க வெச்சிருக்க?"

"உள்ளதாங்க மாஸ்டர்."

"அத எப்ப விடுவ?"

"தலைய வெளிய எடுக்கறப்ப."

"அப்ப எப்ப இழுப்ப?"

எனக்குப் பதில் வரவில்லை. தலை திரும்பும் அந்த அரை நொடியில் பழைய மூச்சை விட்டு, புது மூச்சையும் இழுக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் இரண்டு வருடமாக. மூச்சை அடக்கினால் உடம்பில் கரியமில வாயு சேரும். 'இப்பவே மூச்சு விடு' என்று நெஞ்சு பதறுவது பெரும்பாலும் அதனால்தான், ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் இல்லை. போதாததற்கு, காற்றடைத்த நெஞ்சு மேலே மிதக்கும், இடுப்பும் காலும் கீழே தொங்கும். தொங்குகிற காலை இழுத்துக்கொண்டு நீந்தினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?

மாஸ்டர் அன்றைக்கு என்னை நீந்தவே விடவில்லை. சுவரைப் பிடித்து முகத்தை முக்கி, மூக்கு வழியாக 'ம்ம்ம்' என்று முனகச் சொன்னார். அப்புறம், மூச்சு முழுவதையும் விட்டுவிட்டு, ஆழமில்லாத பக்கம் தரையில் போய் உட்காரச் சொன்னார். முதல் மூன்று தடவை என்னால் உட்காரவே முடியவில்லை. நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தாலும் அது மேலே தூக்கிவிடும். எவ்வளவு காற்றைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகுதான் நீச்சல். முகம் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் குமிழி வர வேண்டும். திரும்பும்போது நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இது பழக ஆறு வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் கை. நான் கையை உலக்கை மாதிரி விறைப்பாக நீட்டி, தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தேன். அப்படி அழுத்தினால் உடம்பு மேலே எழும்பும், முன்னால் போகாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் தேயிலை பறிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். செடிக்கு மேலாகக் கையை நீட்டும்போது முழங்கை உயர்ந்தே இருக்கும், முன்கை மட்டும் கொழுந்துக்கு இறங்கும். தண்ணீரிலும் அதேதான்: முழங்கை மேலேயே நிற்க, முன்கையும் உள்ளங்கையும் இறங்கித் தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். விரல்களை மடக்கி, மூடிய கையோடு குளத்தை நாலு தடவை கடந்துவிட்டுக் கையைத் திறந்தால், முன்கையில் தண்ணீரின் கனம் நன்றாகவே தெரியும். 25 மீட்டருக்கு 29 ஸ்ட்ரோக் (கைவீச்சு) போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது 23-இல் முடிக்கிறேன்.

கொடைக்கானல்வாசி:

என் கதை கிணற்றில் தொடங்குகிறது. வத்தலக்குண்டு பக்கம், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அப்பா தள்ளிவிட்டார். கிணற்று நீச்சலில் தலை எப்போதும் வெளியே இருக்கும். மேலிருந்து எவன் குதிப்பான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே! முப்பது வருடம் அப்படியே நீந்தினேன். போன வருடம் மகன் போனில் படம் பிடித்துக் காட்டினான்: "அப்பா, நீங்க தலையத் தூக்குறப்பல்லாம் கால் கீழ போகுது பாருங்க." மாடிப்படி ஏறுகிற மாதிரி சாய்ந்து போய்க்கொண்டிருந்தேன். இப்போது பார்வையைக் குளத்தின் தரையில் வைக்கிறேன். பழைய பழக்கம் லேசில் விடாது, அசதி வந்தால் தலை தானாக எழும்பும். எழும்பியதும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுகிறேன்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே சூடாக்காத குளத்தில் குதிக்கவே குதிக்காதீர்கள். சில்லென்ற தண்ணீர் பட்டதும் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, தலை உள்ளே இருக்கும்போது அப்படி இழுத்துவிட்டால் ஆபத்து. மெதுவாக இறங்கி, மூச்சு நிதானப்பட்ட பிறகுதான் நீந்த வேண்டும். விரல்கள் சேராமல் விறைத்து விரிந்துகொண்டால், சரி, இன்றைக்குப் போதும் என்று ஏறிவிடுங்கள்.

கோத்தகிரி ஓட்டக்காரர்:

மேடு பள்ளத்தில் ஓடிப் பழகிய கால் எனக்கு. கால் உதையைப் பழகும் மிதவைப் பலகையான கிக் போர்டைப் பிடித்து உதைத்தால் பின்னால் போகிறேன். மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே பின்னால்! கோடையில் குளத்தைப் பூட்டியபோது, மேட்டுப்பாளையத்தில் பவானியில் பழகலாம் என்று நண்பர்கள் கூப்பிட்டார்கள். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு திடீரென்று ஏறும், கரையில் எச்சரிக்கைப் பலகையே இருக்கிறது. எனக்கு மனம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

குன்னூர்க்காரி:

திரும்பி வந்தீர்களே, நல்ல காரியம்.

கணுக்கால் இறுகியிருந்தால் பாதம் கொக்கி மாதிரி மடங்கித் தண்ணீரை முன்பக்கம் தள்ளும், அதுதான் பின்னால் போகிறீர்கள். தினமும் வஜ்ராசனத்தில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்காலிலிருந்து வேண்டாம்.

பயிற்சி வேகத்தை எப்படி முடிவு செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஒரே நாளில், நடுவில் நன்றாக ஓய்வெடுத்து, 400 மீட்டரும் 200 மீட்டரும் முடிந்த வேகத்தில் நீந்துங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உங்கள் 100 மீட்டர் வேகம். எனக்கு 10:40, 5:04. வித்தியாசம் 5:36, ஆக 100 மீட்டருக்கு 2:48. அந்த வேகத்தில் நூறு மீட்டரை எட்டு தடவை, நடுவில் 20 நொடி ஓய்வு. முதல் நூறைப் பாய்ந்து போய்விட்டு எட்டாவதில் தவிப்பதைவிட, எட்டையும் ஒரே நேரத்தில் முடிப்பதுதான் பயிற்சி.

இங்கே மலையில் அதே வேகத்துக்கு ஓய்வை 35 நொடியாக்கிக்கொள்கிறேன். உயரம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் நம் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம், 2,240 மீட்டர். காற்று லேசாக இருந்தது அங்கே குறுகிய தூர ஓட்டக்காரர்களுக்குக் கைகொடுத்தது. நீந்துகிறவருக்கு அந்த லாபம் கிடையாது. எவ்வளவு உயரம் போனாலும் தண்ணீர் அதே தண்ணீர்தான், மூச்சு மட்டும்தான் குறைகிறது. அதனால் ஓய்வைத் தாராளமாக எடுங்கள், ஸ்ட்ரோக்கை மட்டும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோத்தகிரிக்காரரே, வரும் ஞாயிறு காலை கோவைக்குப் போகிறேன். வருவதானால் சொல்லுங்கள், மாஸ்டரிடம் உங்கள் கணுக்காலைக் காட்டலாம்.