ஐயா வீட்டுச் சொந்தங்கள் (குழு)

செல்வி: மிஷின் மறுபடியும் கத்துகிறது. துணி பிழியும்போது கீச் கீச் என்று. பாப்பா தூங்கி அரை மணி ஆகவில்லை, எழுந்துவிட்டாள். ஞாயிறு காதுகுத்துக்கு 20 பேர் வந்து தங்கப் போகிறார்கள். பெட்ஷீட்டை எல்லாம் எப்படித் துவைப்பேன்?

செல்வி: 🎤 0:14

பெரியம்மா: எலி புகுந்திருக்கும்

பெரிய அண்ணன்: எங்கள் வீட்டில் இருந்தவரை ஒரு சத்தம் கிடையாது

சின்ன மதினி: இருந்தது. நான் கேட்டிருக்கிறேன்

பெரிய மதினி: நல்ல மிஷினைத்தான் கொடுத்தோம்

சித்தப்பா: செல்வி, பதிவை மூன்று தடவை கேட்டேன். பிழிய ஆரம்பிக்கிற நேரத்தில்தான் கத்துகிறது, வேகம் பிடித்ததும் அடங்கிவிடுகிறது. அது பெல்ட் வழுக்குகிற சத்தம். மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷினில் பெல்ட் தளர்ந்தால் இதே குரல்தான் வரும். பேரிங் போயிருந்தால் உறுமும், வேகம் கூடக் கூட உறுமலும் கூடும். மாப்பிள்ளையை முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. குழாயை மூடி, உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டு, ஜமுக்காளம் விரித்து மிஷினைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அடியில் ஒரு பெரிய சக்கரம், மோட்டாரில் ஒரு சின்னச் சக்கரம். நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும். அரை அங்குலம் இறங்கினால் சரி. அதற்கு மேல் தொங்கினால் தளர்ந்துவிட்டது.

அத்தை: கறி 12 கிலோ போதுமா? போன தடவை கடைசிப் பந்திக்கு வெறும் குழம்புதான்

சின்ன அண்ணன்: 15 சொல்லிவிடுவோம்

பெரிய அண்ணன்: யார் மடி என்று முடிவாகிவிட்டதா? மூத்த மாமன் நான் இருக்கிறேன்

சின்ன மதினி: கம்மல் எடுத்தது நாங்கள்

செல்வி: அண்ணா, மதினி, அதை அப்புறம் பேசலாம்

கார்த்தி: சாய்த்துவிட்டேன் மாமா. பெல்ட் நன்றாகவே தொங்குகிறது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அடித்தகடு முழுக்கக் கறுப்புத் தூள், தொட்டால் கண்மை போல ஒட்டுகிறது.

செல்வி: போன வாரம் பெரியம்மா சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் விட்டோம் சித்தப்பா

பெரியம்மா: கதவுக் கீலுக்கு விட்டால் நிற்கிறதே

சித்தப்பா: கீல் வழுக்க வேண்டும் அண்ணி, பெல்ட் பிடிக்க வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போய் இன்னும் வழுக்கும். கார்த்தி, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பெல்ட்டையும் இரண்டு சக்கரத்தின் பள்ளத்தையும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மோட்டாரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து, போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். வீணை நரம்பு மாதிரி விறைக்க விடாதீர்கள், பேரிங் சீக்கிரம் போய்விடும். ஆனால் பளபளப்பு ஏறிய பெல்ட் பழையபடி பிடிக்காது. ஞாயிறு வரை ஓடும், அதுவும் பாதித் துணி போட்டால்தான். புதுசு மாற்றியே ஆக வேண்டும்.

சின்ன மதினி: பெட்ஷீட்டை இங்கே கொடுத்துவிடு செல்வி, துவைத்துத் தருகிறேன்

பெரிய மதினி: எங்கள் வீட்டுக்கும் கொடுக்கலாம்

கார்த்தி: முறுக்கிவிட்டேன். துணி இல்லாமல் ஓட்டினால் சத்தமே இல்லை மாமா.

அத்தை: 🙏

சித்தப்பா: நனைந்த துணி போட்டுப் பாருங்கள். பாரம் ஏறினால்தான் தெரியும்.

செல்வி: பாப்பா இப்போதுதான் தூங்குகிறாள். எழுந்ததும் போடுகிறேன்

சின்ன அண்ணன்: நாளை டவுன்ஹால் ரோடு பக்கம்தான் போகிறேன். பெல்ட் நம்பர் சொல்லுங்கள்

கார்த்தி: தேய்ந்திருக்கிறது மச்சான். கடைசி எண் 5ஆ 6ஆ தெரியவில்லை.

பெரிய அண்ணன்: நான் வாங்கி வருகிறேன். நான் கொடுத்த மிஷின்

சித்தப்பா: யார் போனாலும் பழைய பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். கொஞ்சம் நீளம் மாறினாலும் மறுபடி கத்தும்.

செல்வி: கழற்றிவிட்டால் நாளை காலை எதில் துவைப்பது?

அத்தை: அப்பத்தாவுக்கு யார் வண்டி அனுப்புகிறீர்கள்?