வீட்டுப் படங்களுக்குக் கேமரா வாங்கலாமா, போனே போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

செங்காங் மருமகள்

வணக்கம். மகனுக்கு மூன்று வயது, ஓரிடத்தில் நிற்க மாட்டான். மகள் இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். வருஷக் கடைசியில் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம், ஊரிலிருந்து இரண்டு பக்கத்துச் சொந்தமும் வருகிறது. இதையே சாக்காக வைத்து நல்ல கேமரா ஒன்று வாங்கிவிடலாம் என்று எனக்கு ஆசை. வீட்டுக்காரரோ, "கையில் இருக்கிற போனே ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி, அதில் இல்லாத கேமராவா?" என்கிறார்.

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில், பூமலைப் பூங்காவில் பகலில் எடுத்த படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஹாலில் எடுப்பதுதான் தகராறு. அப்பா வேலை முடிந்து வந்ததும் பையன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வான். அந்தப் படம் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. ஒன்று முகம் இழுத்துக்கொண்டு போகிறது, இல்லாவிட்டால் கன்னமெல்லாம் மெழுகு பூசியது போல வழவழவென்று இருக்கிறது.

கடைக்குப் போனால் அவர்கள் விற்கத்தான் பார்ப்பார்கள். வாங்கி வைத்திருப்பவர்கள், வாங்கி அலமாரியில் போட்டவர்கள், வாங்காமலே சமாளிப்பவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி

தங்கச்சி, பகல் படத்துக்காகக் கேமரா வாங்காதீர்கள். அந்த இரவு ஹாலுக்காக வாங்கலாம்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான்கறை வீடு, ஹாலில் ஒரே ஒரு வட்ட எல்இடி விளக்கு. கண்ணுக்குத் தாராளம், போனுக்குப் போதாது. வெளிச்சம் குறைந்தால் போன் ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, கூடுதல் நேரம் திறந்து வைக்கும், கூடவே அடுத்தடுத்துப் பல படங்களைப் பிடித்து ஒன்றாகச் சேர்க்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு இது அருமையாக வேலை செய்யும். ஓடுகிற பையனுக்கு எப்படிச் செய்யும்? முதல் படத்தில் இருந்த கை மூன்றாவது படத்தில் வேறெங்கோ இருக்கும். மிச்சத்தை மென்பொருள் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்கிறது, அதுதான் உங்கள் மெழுகுக் கன்னம்.

நான் வைத்திருப்பது சோனி ஏ6400. 2019-ல் வந்த மாடல், ஒருவர் பயன்படுத்தியதைத்தான் வாங்கினேன். இதில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. இன்றைய விலை உயர்ந்த போன்களின் பிரதான சென்சாரைவிடப் பரப்பில் ஐந்து மடங்கு போல வரும். ஆனாலும் நம் வீட்டுக்கு முக்கியம் லென்ஸ்தான். பெட்டியோடு வரும் 16-50 எம்எம் கிட் லென்ஸின் திறப்பு எஃப்/3.5, முழுக்க ஜூம் செய்தால் எஃப்/5.6. இந்த எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். எஃப்/1.8 லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம் முதலாவதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு, இரண்டாவதைப் போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. கிட் லென்ஸோடு மட்டும் வாங்கி, இரவில் எடுத்துப் பார்த்து, "போனே தேவலை" என்று கேமராவைத் திட்டி விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் விற்றதைத்தான் என்னைப் போன்றவர்கள் வாங்குகிறோம், அது வேறு விஷயம்.

35 எம்எம் எஃப்/1.8 லென்ஸைப் போட்டு, ஷட்டரை 1/250 நொடியில் நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) ஆட்டோவில் விட்டுவிடுவேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும். வரட்டும். மகள் சோபாவிலிருந்து குதிக்கிற படம் ஒன்று இருக்கிறது: ஒரு காலுறை கழன்று பாதி தொங்குகிறது, மூக்கில் பிஸ்கட் துகள், கண்ணிமை முடி தனித்தனியாகத் தெரிகிறது. கேமரா தானே கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்துகொள்வதால் நான் செய்ய வேண்டியது பொத்தானை அழுத்துவது மட்டும்தான்.

சங்கடங்களும் உண்டு. ஏபிஎஸ்-சியில் 35 எம்எம் என்பது பழைய ஃபிலிம் கேமராவின் 50 எம்எம் பார்வை. நம் வீவக (அரசு அடுக்குமாடி) ஹாலில் எட்டுப் பேரை நிறுத்தினால் நான் சமையலறை வாசல்வரை பின்வாங்க வேண்டும். கூட்டப் படம் என்றால் கிட் லென்ஸை மாட்டுவேன், அல்லது போனையே எடுத்துவிடுவேன். அப்புறம், குழந்தை தூங்குகிறதே என்று சத்தமில்லா ஷட்டரை வைத்தால் சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் குறுக்குக் கோடுகள் விழும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கோடு வந்தால் சாதாரண ஷட்டருக்கு மாறிவிடுங்கள். டக்கென்ற சத்தத்துக்குப் பிள்ளைகள் எழுவதில்லை.

ஜூரோங் மாமி

எனக்குப் போனே போதும். எடுக்கிற படத்தை நாங்கள் பெரும்பாலும் 4ஆர் (4x6 அங்குல) அளவில்தான் பிரிண்ட் போடுகிறோம். அதற்கு இருபது லட்சம் பிக்சலுக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் தாராளம், எந்தப் போனிலும் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. கேமரா வாங்குகிற காசில் ஆண்டுக்கு ஓர் ஆல்பம் போடுங்கள். போனில் பல்லாயிரம் படம் வைத்துக்கொண்டு ஒன்றையும் தேடி எடுக்க முடியாதவர்கள்தான் இன்னும் நல்ல படம் வேண்டும் என்று கேமரா கேட்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதேம்மா, உன்னை மட்டும் சொல்லவில்லை.

பிடோக் தாத்தா

மாமி சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். மறுபாதிக்குப் பேரன் பேத்தி ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே கேமராவுக்கு எதிரி ஈரப்பதம். ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். துணி அலமாரியில் தோல் பையோடு வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். என் பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் நூலாகக் கிளை விட்டிருப்பது தெரியும். லென்ஸின் மேல்பூச்சு வரை போய்விட்டால் துடைத்தாலும் தடம் போகாது. ஈரத்தைக் குறைக்கும் பெட்டியான டிரை கேபினட், சின்னதாக ஒன்றை வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்துவிடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம், ஆனால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, அடிக்கடி வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

இன்னொன்று. ஏர்கான் அறையில் இரவெல்லாம் இருந்த கேமராவை அப்படியே புளோக்குக்குக் கீழே கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், துடைத்தாலும் மறுபடி படியும். கிளம்புவதற்கு முன்பே பையோடு ஹாலில் வைத்துவிட்டால் வெளிக்காற்றின் சூட்டுக்குத் தானே வந்துவிடும். கோயிலுக்குப் போகிற காலையில் இதை மறக்கவே கூடாது.

பழைய சாமான் வாங்குவதாக இருந்தால் சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா பிளாசா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் இரண்டிலும் ஏறி இறங்குங்கள். போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே நான்கு தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா

எங்கள் வீட்டில் நிறம்தான் பிரச்சினையாக இருந்தது. நானும் மகளும் கறுப்பு, அவள் அப்பா மாநிறம், என் நாத்தனார் சிவப்பு. பழைய போனில் எல்லாரும் சேர்ந்து நின்றால் ஒன்று நாத்தனார் வெளுத்துப் போவாள், இல்லை எங்கள் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். தானாகவே சருமத்தை வெளுப்பாக்கி வழுவழுப்பாக்குகிற அழகூட்டும் வசதி வேறு. மகள் ஒரு நாள், "இது நான் இல்லைம்மா" என்றாள். அன்றைக்கே அதை அணைத்தேன். உங்கள் போனிலும் செட்டிங்ஸில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இப்போது போன்கள் திருந்தியிருக்கின்றன. கூகுள் 2021-ல் பிக்சல் 6-ல் கறுத்த தோலைச் சரியாகக் காட்டவென்றே ரியல் டோன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கேமராவில் ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப்படமாக, எடுத்தால் பிறகு நாமே நிறத்தைச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு இரவு உட்கார யாருக்கு நேரம்?

போனில் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடில் தலைப்பூவைக் கவனித்திருக்கிறீர்களா? பாதி மல்லிகைச் சரம் தெளிவாக இருக்கும், மீதியைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். ஜிமிக்கிக்கும் அதே கதி.

அப்புறம் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கேமரா என்கிறீர்களே, அன்று நீங்கள் மூத்த மருமகளா? கலசத் தண்ணீரைச் சல்லடை வழியாக ஊற்றும்போது உங்கள் கையில் சொம்பு இருக்கும். அதற்கு முன்னால் தாம்பாளம், அதற்கும் முன்னால் இடுப்பில் குழந்தை. கேமராவை யார் பிடிப்பது? அந்த ஒரு நாளுக்கு ஆள் வையுங்கள். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் எங்கே நிற்கலாம், ஃபிளாஷ் போடலாமா என்று சொல்லிவிடுவார்கள். கேமராவை மற்ற நாட்களுக்கு வாங்குங்கள்.

செங்காங் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, சரியாகப் பிடித்தீர்கள், நான்தான் மூத்த மருமகள். ஆள் பேசியாகிவிட்டது.

கேமரா விஷயத்தில், பக்கத்து புளோக்கில் இருக்கும் தோழியிடம் கேனன் ஆர்50-ஐயும் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸையும் வார இறுதிக்கு வாங்கி வந்தேன். ஈசூன் அண்ணா சொன்ன மாதிரி 1/250 வைத்து ஹாலில் எடுத்தேன். 50 எங்கள் ஹாலுக்கு ரொம்ப நெருக்கம், பையன் பக்கத்தில் வந்தால் காது வரைதான் சட்டத்துக்குள் வருகிறது. ஆனால் அவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற படம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதைப் போனுக்கு மாற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, "விலை என்ன?" என்று கேட்டார். அவர் பக்கத்திலிருந்து அதுதான் சம்மதம்.

சனிக்கிழமை பெனின்சுலா போகிறோம். ஏ6400-ம் 35-ம் பழையது கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். விளம்பரங்களில் லோக்கல் செட், எக்ஸ்போர்ட் செட் என்று போடுகிறார்களே, எதை வாங்குவது?

ஈசூன்வாசி

லோக்கல் செட் என்றால் இங்குள்ள ஏஜென்டின் வாரண்டி இருக்கும், எக்ஸ்போர்ட் செட்டுக்குக் கடைக்காரர் தரும் வாரண்டிதான். பழையதில் வாரண்டி அநேகமாக முடிந்திருக்கும், அதனால் அந்தப் பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோய்ப் போட்டு, கடையிலேயே சில படங்கள் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். சார்ஜரையும் கேட்டு வாங்கிவிடுங்கள், பல பேர் கொடுக்க மாட்டார்கள். பையனைக் கூட்டிப் போங்கள், கடைக்குள் ஓட விட்டுச் சோதித்துவிடலாம்.