முலுண்ட் சரிவில் தேக்கு கருகிக் கிடக்கிறதே, நோயா?

முலுண்டுவாசி:
மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் நம்ம பக்கச் சரிவு முழுக்கத் தேக்கு பழுப்பாயிடுச்சு. மழை நின்னு ரெண்டு வாரம்தான் ஆகுது. கீழே கார்விப் புதரும் வெறும் குச்சி. வேப்பெண்ணெய் அடிக்கலாம்னு எங்க வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. அடிக்கலாமா?

இலைநரம்பு:
மரம் சாகலைங்க. உதிர்ந்த இலை ஒண்ணை வெளிச்சத்துல பிடிங்க. நரம்பெல்லாம் அப்படியே இருந்து, இடையில உள்ள சதை மட்டும் போய் கொசுவலை மாதிரி தெரிஞ்சா, அது மழைக்கடைசியில வர்ற சல்லடைப் புழு.

இதை ஹைப்ளேயா புழுவோட குழப்பிக்காதீங்க. அது மழை தொடங்கும்போதே வந்து தளிரைத் தின்னும், நடுநரம்பைத்தான் மிச்சம் வைக்கும். நிலம்பூர் இளந்தோட்டங்கள்ல கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 5 வருஷம் பார்த்ததில், தளிர் தின்னியால வளர்ச்சியில 44 சதவீதம் இழப்பு. சல்லடைப் புழுவால சொல்லும்படி ஒண்ணுமில்லை. அது வர்றப்ப இலை கிழடு, அந்த வருஷத்து வேலையை முடிச்சிருக்கும்.

சந்தேகமிருந்தா பக்கத்துல முதலைத்தோல் பட்டையோட நிக்கிற கருமருதைப் பாருங்க, இங்கே மராத்தியில ‘ஐன்’னு சொல்வாங்க. தேக்குப் புழு அதைத் தொடாது. அதுவும் வாடியிருந்தாத்தான் வேற காரணம் தேடணும். ஒத்தை மரம் மட்டும் பட்டுப்போய், அடியில சுத்திலும் பட்டை சீவியிருந்தா அது மனுஷன் வேலை. வன அலுவலகத்துல இடத்தைச் சொல்லிடுங்க.

தாணே கரிச்சான்:
வேப்பெண்ணெய் பேச்சே வேண்டாம். 15 மீட்டர் உச்சிக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. அனுமதியில்லாம தெளிக்கிறது சட்டச் சிக்கல் வேற. அந்தப் புழுதான் கரிச்சானுக்கும் மாங்குயிலுக்கும் தீனி.

கார்வியும் நோயில சாகலை. குறிஞ்சி இனம் அது. 8 வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாப் பூத்து, காய்ச்சு, செத்துப்போகும். 2016-ல பூத்தது, அப்புறம் 2024. காஞ்ச காய் மழை ஈரம் பட்டதும் பட்பட்டுனு வெடிச்சு விதை தெறிக்கும். குச்சிக்கு அடியில குனிஞ்சு பாருங்க, சொரசொரப்பான இலையோட கன்னு நிக்கும்.

முலுண்டுவாசி:
இலை கொசுவலையேதான், கருமருது பச்சை. கன்னும் இருக்கு. அப்போ காஞ்ச குச்சியை மட்டும் அப்புறப்படுத்தலாமா?

இலைநரம்பு:
தொடாதீங்க, இழுத்தா கன்னு மிதிபடும். கவலைப்பட வேண்டியது நெருப்புக்குத்தான். தேக்குச் சருகு பெருசு, மார்ச்சுல ஒரு பீடித்துண்டு போதும். தேக்கு அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். கார்விக் கன்னு கருகினா அந்தச் சரிவுல 2032 பூ கிடையாது.