1/16 டக்கோட்டா மாதிரி விமானம் (ரேடியோவில பறக்கிறது), இரட்டை மோட்டர்: ஓடத் தொடங்கினா வலப்பக்கம் இழுக்குது, மெதுவில இடது இறக்கை விழுது. உதவி தேவை

வாவிக்கரை (மட்டக்களப்பு):
வணக்கம் அண்ணன்மார். பல்சாவில (இலேசான மரம்) டிசி-3 டக்கோட்டா மாதிரி விமானம் கட்டி முடிஞ்சு ஓட்டிப் பார்க்கிற கட்டத்தில நிக்குது. எயார் சிலோன் 1947இல சேவை தொடங்கினது இந்த விமானத்தோடதான், நிறமும் அதே மாதிரி. உண்மை விமானத்தின் இறக்கை 28.96 மீற்றர், 1/16 அளவில 181 செ.மீ வருது. இறக்கைப் பரப்பு 35.8 சதுர டெசிமீற்றர், பெட்டரியோட நிறை 2.45 கி.கி.

ஒரே மாதிரி 1000 கேவி (வோல்டுக்கு நிமிடத்தில 1000 சுற்று) அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுத்துற) மோட்டர் இரண்டு, 9க்கு 6 அங்குலப் புரொப்பலர், 30 அம்பியர் ஈஎஸ்சி (மோட்டர் வேகக் கட்டுப்படுத்தி) இரண்டு. மூக்குப் பக்கத்தில 3 செல் 4000 மில்லி அம்பியர் மணி பெட்டரி ஒன்று. ஈஎஸ்சி ரெண்டும் எஞ்சின் கூட்டுக்குள்ள இருக்கிறதால பெட்டரியில இருந்து ஒவ்வொன்றுக்கும் 40 செ.மீ வயர் போகுது. த்ரொட்டில் வை கேபிளில (ஒரு சிக்னலை ரெண்டு ஈஎஸ்சிக்கும் பிரிக்கிற வயர்).

கல்லடிக் கடற்கரையில ஈர மணலில ஓட்டினப்போ கண்டது: த்ரொட்டிலைத் தொட்டவுடன் இடது மோட்டர் முந்திச் சுத்துது, வலது பிந்துது, விமானம் வலப்பக்கம் கிறுகுது. சடாரெனக் கூட்டினா வலது மோட்டர் 'கிர்ர்' என்று கத்தி விக்குது. ஒருக்கா அப்படிக் கிறுகி வலது பக்கம் மணலில குத்தினது. நேராகக் கிளம்பின நேரங்களில மெதுவில இடது இறக்கை விழுது. சுக்கானில ட்ரிம் (நிலையான சிறு திருப்பல்) போட்டுச் சமாளிக்கலாமா?

சம்மாந்துறை வயல்:
ட்ரிம் இப்ப வேண்டாம் தம்பி. ரெண்டு பக்கத் தள்ளுவிசையும் சமமாகாம ட்ரிம் போட்டா, த்ரொட்டிலைக் குறைச்சவுடன் அதே ட்ரிம் மற்றப் பக்கம் இழுக்கும். இதை மேசையில வைச்சுத்தான் தீர்க்கணும். முதல் வேலை புரொப்பலர் ரெண்டையும் கழற்றுறது.

பிந்திச் சுத்துறதுக்குப் பெரும்பாலும் காரணம் ஈஎஸ்சி ரெண்டும் த்ரொட்டிலின் தொடக்கத்தை வேற வேற இடத்தில பிடிச்சு வைச்சிருக்கிறது. ரேடியோவை ஓன் பண்ணி த்ரொட்டிலை முழுக்க மேல வைங்க, பெட்டரியைக் கொழுவுங்க, பீப் கேட்டவுடன் கீழ இறக்குங்க. வை கேபிளில ரெண்டும் ஒரே நேரம் கற்றுக்கொள்ளும். ரெண்டிலயும் டைமிங், பிரேக், குறை வோல்ட் வெட்டு மூன்றும் ஒரே மாதிரி இருக்கணும். குறை வோல்டில சட்டென நிறுத்தாம மெல்லக் குறைக்கிற வகையைத் தெரிவு செய்யுங்க. ஒரு பக்கம் முந்தி வெட்டினா ஆகாயத்தில ஒற்றை மோட்டர்தான்.

வை கேபிளில சிவப்பு வயர் ரெண்டும் போகுதா? ஈஎஸ்சிக்குள்ள இருக்கிற 5 வோல்ட் வழங்கிகள் ரெண்டையும் ஒன்றாக் கட்டாம விடுறது நல்லம். வோல்ட் ஒள்ளுப்பம் கூடினது முழுச் சுமையையும் எடுத்துச் சூடாகும். ரெண்டு சிவப்பு முனையையும் கழற்றி டேப் சுத்திட்டு, தனி 5 அம்பியர் வழங்கி ஒன்று போடுங்க.

விக்கலுக்கு மாற்றிப் பார்க்கிறதுதான் வழி. வலது ஈஎஸ்சியை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றுங்க. பழுது ஈஎஸ்சியோட போனா ஈஎஸ்சி. போகாட்டி மோட்டர்களை மாற்றுங்க. மோட்டரோட போனா மோட்டர், அப்பவும் வலது இறக்கையிலயே நின்றா வயர். பார்த்துட்டு எழுதுங்க.

பொத்துவில் முனை:
வயரைப் பற்றி ஒன்று. பெட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் இடையில 40 செ.மீ கூடிப்போச்சு. ஈஎஸ்சி வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்னை வெட்டி வெட்டி விடுது. நீள வயரின் தூண்டல் ஒவ்வொரு வெட்டுக்கும் வோல்டை மேல துள்ள வைக்கும், ஈஎஸ்சிக்குள்ள இருக்கிற கொள்ளளவி அதை வாங்கி வாங்கிச் சூடாகிச் சாகும். ஈஎஸ்சியோட வந்த நீளத்துக்கு மேல கூட்டின ஒவ்வொரு 10 செ.மீக்கும் 220 மைக்ரோபரட், 35 வோல்ட், குறைந்த உள்தடை கொள்ளளவி ஒன்று ஈஎஸ்சி முனையில பொருத்துங்க. உங்களுக்கு ஈஎஸ்சி ஒன்றுக்கு மூன்று போதும். கூட்டல் கழித்தல் மாறினா வெடிக்கும், கவனம்.

அடுத்த கூட்டில ஈஎஸ்சியை நடு இறக்கையில வைச்சு, மோட்டர் பக்கத்து மூன்று வயரையும் நீட்டுங்க, அதில பிரச்சினை குறைவு. ஆனா உடம்பில காற்றுத் துளை வைக்கணும், பல்சாப் பெட்டிக்குள்ள சூடு வெளியேறாது.

மோட்டர் வயர்களில ஈயம் வைச்ச புல்லட் முனைகளையும் (செருகு முனைகள்) பாருங்க. நல்ல ஈயம் மினுங்கும், வயரோட சேர்ந்து வழிஞ்சு கிடக்கும். சாம்பல் நிறத்தில மணிமணியா உருண்டு நின்றா சூடு காணாது. மூன்று வயரில ஒன்று விட்டுவிட்டுத் தொட்டாலே மோட்டர் அப்படித்தான் விக்கும்.

வாவிக்கரை:
நன்றி அண்ணன். த்ரொட்டில் கற்றுக்கொடுத்த பிறகு ரெண்டும் ஒன்றாத் தொடங்குது. சிவப்பு வயர், கொள்ளளவி ரெண்டும் செய்தாச்சு. புல்லட் முனைகள் நல்லம். விக்கல் மோட்டரோட போகுது. கையால சுத்தினா ஓர் இடத்தில மெல்லிய உரசல் கேட்குது.

பொத்துவில் முனை:
மணல்தான். நம்ம கரையோர மணலில காந்தத்தில ஒட்டுற கறுப்பு மணி கலந்திருக்கு. அவுட்ரன்னரின் வெளிக்கூட்டுக்குள்ள காந்தங்கள், உள்ளே சுருள், நடுவில மயிரிழை இடைவெளி. மணலில குத்தினப்போ உள்ள போன கறுப்பு மணி காந்தத்தில ஒட்டி நிக்கும், ஊதினாலும் வராது.

தண்டின் பின்பக்கத்தில இருக்கிற சிறு வளையத்தைக் கழற்றி வெளிக்கூட்டை நேராக இழுங்க. கூட்டின் உள்விளிம்பில மயிர் முளைச்ச மாதிரிக் கறுப்பா நிக்கிறது தெரியும். பிளாஸ்டிசின் அல்லது ஒட்டு டேப்பை அழுத்தி அழுத்தி எடுங்க, இரும்புச் சாமான் போடாதீங்க. மறுகா சுருளின் வார்னிஷ் சுரண்டியிருக்கா என்று வெளிச்சத்தில பாருங்க. செம்பு பளிச்சிட்டா அந்த மோட்டரை ஆகாயத்துக்கு அனுப்பாதீங்க. இடது மோட்டரையும் திறந்து பாருங்க.

திருக்கோவில் கரை:
இடது இறக்கை விழுறதுக்கு வருவம். ஈர்ப்பு மையம் எங்க? இறக்கை நுனியில வொஷ்அவுட் (முன்விளிம்பு தாழ முறுக்கி வைக்கிறது) எவ்வளவு? புரொப்பலர் ரெண்டும் ஒரே பக்கமா சுத்துது?

வாவிக்கரை:
சராசரி நாணின் (இறக்கையின் முன்பின் அகலம்) 32 வீதத்தில. வொஷ்அவுட் வைக்கேல்ல. ரெண்டும் பின்னுக்கிருந்து பார்த்தா வலஞ்சுழி. முன் மூன்றிலொரு பங்கு 1.5 மி.மீ பல்சாத் தகடு, பின்பக்கம் மூடுற பிளாஸ்டிக் பிலிம் மட்டும்.

திருக்கோவில் கரை:
மூன்றும் ஒரே பக்கம் தள்ளுது. சராசரி நாண் 20 செ.மீ. மையம் 26 வீதத்துக்கு வரணும், அதாவது 12 மி.மீ முன்னுக்கு. 2450 கிராமை 12 மி.மீ நகர்த்த 330 கிராம் பெட்டரியை ஏறத்தாழ 9 செ.மீ முன்னுக்குத் தள்ளணும். டக்கோட்டாவின் மூக்கில இடமிருக்கு. ஈயக்கட்டி சேர்க்காதீங்க.

டக்கோட்டாவின் இறக்கை நுனி ஒடுங்கினது. இந்த அளவில நுனி நாண் சின்னதாகி, காற்று அங்கதான் முதல்ல பிரியும். முன்விளிம்புத் தகடு மூடின பெட்டி ஆகிட்டதால பிலிமைச் சூடாக்கி முறுக்கினா நிக்காது. எய்லரோன் (இறக்கையின் பின்விளிம்பில அசையிற பலகை) ரெண்டையும் நடுநிலையில 2 மி.மீ மேல தூக்கி வைங்க, வொஷ்அவுட்டின் வேலையைக் கொஞ்சம் செய்யும். எய்லரோன் மேல போற அளவு கீழ போறதைப் போல ரெண்டு மடங்கா இருக்கட்டும். அடுத்த இறக்கையை பலகையில கட்டுறப்போ பின்விளிம்புக்கு ஆப்பு வைச்சிடுங்க: 10 செ.மீ நுனி நாணுக்கு 2½ பாகை வேணுமென்றா 4.4 மி.மீ.

இடது பக்கமே விழுறதுக்குக் காரணம் சுழற்சி. ரெண்டு புரொப்பலரும் வலஞ்சுழி என்றா எதிர்முறுக்கம் விமானத்தை இடப்பக்கம் சரிக்கும். ஒரு மோட்டரின் மூன்று வயரில ஏதும் ரெண்டை மாற்றி, அதுக்கு எதிர்ச்சுழி புரொப்பலர் போடுங்க. அந்தப் பக்கத்து நட்டு சுழற்சியில தளரும், பூட்டு நட்டு கட்டாயம்.

சம்மாந்துறை வயல்:
இதில எனக்கு உடன்பாடில்லை. உண்மை டக்கோட்டாவில ரெண்டும் ஒரே பக்கம்தான் சுத்துது. அளவு மாதிரி கட்டுறவர் அதைக் காப்பாற்றலாம். ரெண்டு மோட்டரையும் 2 பாகை வெளிப்பக்கம் திருப்பி வைச்சா ஒன்று நின்றாலும் இழுப்புக் குறையும். மையத்தைச் சரிப்படுத்தி, எய்லரோனைத் தூக்கினாலே முக்கால்வாசி தீரும்.

திருக்கோவில் கரை:
வெளித்திருப்பல் ஒற்றை மோட்டருக்கு உதவும், எதிர்முறுக்கத்தைக் குறைக்காது. முதல் பறப்புகளுக்கு எதிர்ச்சுழியைப் போட்டு, விமானம் கைக்கு வந்த பிறகு மாற்றட்டும்.

நிறையைப் பற்றியும் சொல்றன். 2.45 கிலோவில விழு வேகம் (இறக்கை தாங்காம விழத் தொடங்கிற வேகம்) மணிக்கு 37 கி.மீ அளவில. 2.2 கிலோவுக்குக் குறைச்சாலும் 35 தான். அதனால இறக்கையைப் பிரிச்சுக் கிராம் தேடாதீங்க. வால் மட்டும் விதிவிலக்கு, அங்க குறையிற ஒவ்வொரு கிராமும் மூக்கில ரெண்டை மிச்சப்படுத்தும். 1.5 மி.மீ தடிப்பு, 10 செ.மீ அகலம், 1 மீற்றர் நீளத் தகட்டைத் தராசில வைங்க: 16 கிராம் நின்றா வாலுக்கு, 30 கிராம் நின்றா ஸ்பாருக்கு (இறக்கையின் முக்கியத் தாங்குசட்டம்) பக்கத்தில. மாரியில பல்சா ஈரத்தை உறிஞ்சி நிறை கூட்டிக் காட்டும், தகடுகளைப் பொலித்தீனில சுத்திச் சிலிக்கா ஜெல்லோட மட்டமா வைச்சு மறுகா நிறுங்க.

வாவிக்கரை:
கறுப்பு மணி ரெண்டு மோட்டரிலயும் இருந்தது, வலதில கூட. சுருள் நல்லம், உரசல் போச்சு. முழுத் த்ரொட்டிலில வலது 18.2 அம்பியர், இடது 17.9. ஆனா சுழற்சிமானி அறைக்குள்ள எதைப் பிடிச்சாலும் 3000 காட்டுது.

சம்மாந்துறை வயல்:
அது ரியூப் லைற். 50 ஹேர்ட்ஸ் மின்னில விளக்கு வினாடிக்கு 100 தடவை மின்னும், மானி அதை ரெண்டு இலைப் புரொப்பலரென்று எடுத்து 3000 காட்டும். முற்றத்து வெயிலில பாருங்க. பாதி, முழுத் த்ரொட்டில் ரெண்டிலயும் 200 சுற்றுக்குள்ள நின்றா போதும்.

கடற்கரையில இனி ஓட்டாதீங்க. அறுவடை முடிஞ்ச வயலுக்குப் பக்கத்தில இறுகின கிறவல் றோட்டு நல்லம். மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தோட ஒட்டி இருக்கு, அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். எங்க பறக்கவிட்டாலும் சிவில் விமான அதிகாரசபையின் அனுமதியைப் பாருங்க. கச்சான் காலத்தில விடிய 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில முடிச்சிடணும், பிறகு காற்று எழும்பிடும்.

ஆகாயத்தில ஒரு மோட்டர் நின்றா முதல்ல மற்றதையும் குறைங்க, மூக்கைக் கீழ விடுங்க, நின்ற பக்கம் திரும்பாம நேர இறக்குங்க.